நாற்காலி பதில் பேசிய நாள்

கையும் களவுமாகப் பிடிபட்ட இருவரைப் போன வாரக் கதையின் முடிவில் அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், இன்னும் நிற்கிறார்கள். முதலில் அவர்களைக் கவனிப்போம்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் மனநல ஆலோசனை நிலையம் அது. இரண்டாம் மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள், நடுவில் காத்திருப்புக் கூடம், மூலையில் டீ போட ஒரு தடுப்பு. மதிய இடைவேளையில் சின்னவளின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்த பெரியவள், உள்ளே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துக் கதவுப் பிடியை விடாமல் நின்றாள். உள்ளே இருந்தது அவர்களுடைய ஒரே தம்பி.

தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஆறுமணி. தினமும் மாலை ஆறு மணிக்கு வானொலியில் நேரலையாகச் செய்தி வாசிப்பவன். வாசித்துக்கொண்டிருந்தவன் என்று சொல்வதுதான் சரி. திடீரென்று ஒரு நாள், சாதாரண வானிலை அறிக்கையின் நடுவில், அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு மைக் முன்னால் உட்கார்ந்தாலே அடைக்கிறது.

"நம்ம தொழில்ல முதல் விதி என்ன?" என்றாள் பெரியவள்.

"சொந்தக்காரங்களுக்கு சிகிச்சை பண்ணக் கூடாது." சின்னவள் பாடம் ஒப்பித்தாள்.

"அப்ப இது என்ன?"

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஓர் ஏணி. கீழ்ப்படியில் 'கண்ணாடி முன்னால் வாசிப்பது', அதற்கு மேல் 'அக்கா முன்னால் வாசிப்பது', உச்சிப் படியில் சிவப்பு எழுத்தில் 'ஆறு மணிச் செய்தி, நேரலை'. பயத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்க வைப்பது சின்னவளின் முறை. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும் வரை ஆள் இறங்கக் கூடாது.

"தம்பிகூட சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

"சும்மா பேசறவ ஏணி போடுவாளா?"

இந்த இடத்தில் ஆறுமணி வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தான்.

"பெரியக்கா, நீ மட்டும் என்னவாம்? வாரத்துக்கு ரெண்டு நாள் சோபாவுல படுக்க வெச்சு, மனசுல வர்றதையெல்லாம் சொல்லு சொல்லுன்னு, நான் சின்ன வயசுல நாய்க்குட்டிக்கு அழுதது வரைக்கும் வாங்கிட்டியே!"

பெரியவளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவள் மனதின் ஆழத்தைத் தோண்டுகிறவள். வந்தவர் பேசப் பேச மௌனமாகக் கேட்பாள். எந்த ஞாபகம் எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பாள். அவளுடைய மௌனம் அந்தத் தெருவிலேயே பிரசித்தம். இன்றைக்கு அது வேறு வகை மௌனம்.

"ஓஹோ!" என்றாள் சின்னவள்.

"ஓஹோ எல்லாம் அப்புறம். டேய், நேத்து ஒத்திகையில என்னடா ஆச்சு? அதைச் சொல்லு."

"அதைத்தான் சின்னக்கா கிட்ட சொல்ல வந்தேன். மூணாவது வரியில தொண்டை அடைச்சுது. அடைச்சா நிறுத்தாதே, வாசிச்சுக்கிட்டே இரு, தானா இறங்கும்னு சின்னக்கா சொல்லியிருந்தா. அடைச்சா உடனே வாசிக்கறதை நிறுத்து, அந்த நிமிஷம் மனசுல என்ன வருதோ அதைப் பிடிச்சுக்கோன்னு நீ சொல்லியிருந்தே. நிறுத்தறதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒலிப்பதிவாளர் மைக்தான் ரிப்பேர்னு நெனச்சு ஒயரை மாத்திட்டுப் போனார்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல வைத்தியம்தான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்ததில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. விதியை மீறியதற்காக ஒருத்தி ஒளித்தாள். அதே விதியை மீறியதற்காக இன்னொருத்தியும் ஒளித்தாள். வெளி ஆளாக இருந்திருந்தால் முதல் நாளே 'வேற யார்கிட்டயாவது போறீங்களா?' என்று கேட்டிருப்பார்கள். தம்பியிடம் கேட்கத் தோன்றவில்லை.

"வானொலி நிலையத்துல என்ன சொன்னாங்க?" என்றாள் சின்னவள்.

"இன்னிக்கு ஆறு மணிக்கு நேரலை. வாசிச்சா இடம் என்னுது. இல்லேன்னா நாளையிலேருந்து காலைச் செய்தி வாசிக்கற பொண்ணுக்கு அந்த நாற்காலி நிரந்தரம்."

"இன்னிக்கேவா!"

"இன்னிக்கேதான்."

"வேற ஒருத்தர் பார்க்கணும். இப்பவே," என்றாள் சின்னவள். "எதிர்ல ஒருத்தர் இருக்கார்."

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். எதிர்க் கட்டடத்தில், முதல் மாடியில், பச்சைத் திரை போட்ட அறை. அங்கே இருப்பவர் அவளுடைய கணவர், ஆறுமணியின் மாமா; அவரும் மனநல ஆலோசகர்தான். போன வருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். போனவர் தூரமாகவாவது போனாரா? தெருவைக் கடந்து எதிரில் அறை பிடித்தார்.

"நான் போக மாட்டேன்."

"நீ போனாத்தான் வருவார். நான் கூப்பிட்டா தத்துவம் பேசுவார்."

ஆறுமணி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை தன்னையறியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். அடுத்த நொடி மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது.

எதிர்க் கட்டடத்தில் மாமா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் மனைவியைப் பார்த்ததும் டப்பா மூடி கை நழுவித் தொட்டியில் விழுந்தது. அவள் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"நான் அவனுக்கு மாமா. விதி எனக்கும் உண்டே," என்றார்.

"தெரியும். ஆனா ஆறு மணிக்குள்ள வேற யாரைத் தேடறது?"

"போன வருஷம் நான் கிளம்பினப்ப, இனிமே நமக்குள்ள எந்த உறவும் இல்லைன்னு சொன்னது நீதானே?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு வலிச்சுது. இன்னிக்கு வசதியா இருக்கு. வா, போகலாம். ஆனா இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு அவனை முறையா வெளி ஆள் யார்கிட்டயாவது அனுப்பிடணும்."

"சரி."

தெருவைக் கடக்கும்போது, "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றார்.

"செய்தி முடியட்டும்," என்றாள் அவள், வண்டிகளுக்கு நடுவில் ஓடாத குறையாக.

மாமா வந்ததும் வராததுமாக அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். "உன் சோபாவும் வேணாம், உன் ஏணியும் வேணாம். கூடமே போதும். நீங்க ரெண்டு பேரும் போய் டீ போடுங்க. மெதுவா போடுங்க."

கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டார். ஒன்றில் ஆறுமணி. மற்றது காலி.

டீத் தடுப்பு என்பது வெறும் பலகை. பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே கேட்கும்.

"காதை மூடிக்கோ," என்றாள் பெரியவள் கிசுகிசுப்பாக.

"முதல்ல நீ மூடு."

இரண்டு பேரும் மூடவில்லை.

"இந்த நாற்காலியில யாரையாவது உட்கார வெச்சுப் பேசணும். இங்க, இப்ப, நேர்ல இருக்கற மாதிரி," என்றது மாமாவின் குரல்.

"மாமா, மைக் கிட்ட தனியா பேசிப் பேசித்தான் இந்த கதிக்கு வந்திருக்கேன். இப்ப நாற்காலி கிட்ட வேறயா?"

"பேச்சை வளர்க்காதே. யாரு உட்காரணும்? யோசிக்காம சொல்லு."

கெட்டிலில் தண்ணீர் உறும ஆரம்பித்தது. சின்னவள் சட்டென்று அதை அணைத்தாள்.

"அம்மா," என்றான் ஆறுமணி.

"எந்த அம்மா?"

"அன்னிக்குச் செத்துப்போன அம்மா."

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய அம்மா குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறாள். துறைமுகத்துக்கும் எதிர்க் கரைக்கும் போய்வரும் பயணப் படகில் டிக்கெட் பரிசோதகர். சீருடை, விசில், வாய் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன.

"கண்ணை மூடிக்கிட்டாலும் சரி. அவங்ககிட்டயே சொல்லு," என்றார் மாமா, மிகவும் தணிந்த குரலில்.

"அம்மா, அன்னிக்கு செய்தி பாதி ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு தாளை நீட்டினாங்க. படகுல தீ. உன்னோட படகு. உன் டூட்டி நேரம். யாரு என்ன ஆனாங்கன்னு அதுல இல்லை. சிவப்பு விளக்கு எரியுது, ஊரே கேக்குது. நான் படிச்சேம்மா. ஒரு எழுத்து தடுமாறலை. முடிச்சு வெளியில வந்தா எல்லாரும் கை குலுக்கறாங்க, என்ன நிதானம், என்ன குரல்னு. உன் சாவை நான் நல்லா வாசிச்சேம்மா."

தடுப்புக்குப் பின்னால் இரண்டு ஆலோசகர்களும் சிலையாக நின்றார்கள். பெரியவள் அவனுடைய பள்ளிக்கூடக் காலம் வரை தோண்டியிருந்தாள். சின்னவள் 'தொண்டை அடைத்துவிடும் என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்டு எண்ணங்களைப் பக்கம் பக்கமாக எழுத வைத்திருந்தாள். அந்தத் தீயைப் பற்றி இருவரும் கேட்கவே இல்லை. ஏன் கேட்க வேண்டும்? அது அவர்கள் வீட்டில் சிரித்து முடித்த கதை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அம்மா அன்றைக்கு டூட்டியே மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டு ஆட்களாக இருந்ததால், எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் கீழே மாடிப்படியில் கனமான காலணிச் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

"ஐயோ, அம்மா!" என்றாள் சின்னவள். "எதுக்கு இப்ப வர்றாங்க?"

"போய்த் தடுடி!"

"எப்படிப் போறது? வாசலுக்குப் போகணும்னா கூடத்து வழியாத்தான் போகணும். அவன் கண்ணைத் திறந்துட்டா எல்லாம் போச்சு!"

"போன் பண்ணு."

"படியில மணி அடிக்குமே!"

அதற்குள் கதவு திறந்துவிட்டது. சீருடையோடு அம்மா. கையில், மகனின் மாலைச் செய்திக்காக இஸ்திரி போட்ட சட்டை ஒன்று ஹேங்கரில் ஆடியது. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த கால்கள். எதிரில் காலியாக ஒரு நாற்காலி. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அம்மா அதில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மாமா இரண்டு கைகளையும் தூக்கினார். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்தார். அம்மா ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். ஆறுமணி கண்ணைத் திறக்கவில்லை.

"ஓடி வந்து பார்த்தா நீ வீட்டுல வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கே. டூட்டி மாத்திக்கிட்டேன்டான்னு சிரிக்கறே. அக்காங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்கு ஓன்னு அழணும் போல இருந்துது. உயிரோட இருக்கறவ முன்னாடி அவ செத்ததுக்கு எப்படிம்மா அழறது?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"அடப்பாவி," என்றது நாற்காலி. "நீ அழுதிருந்தா நானும் சேர்ந்து அழுதிருப்பேனேடா!"

ஆறுமணி போட்ட அலறலில் தடுப்புக்குப் பின்னால் ஒரு டீக் கோப்பை உடைந்தது. கண்ணைத் திறந்தான். அம்மா! நாற்காலியில், சீருடையில், கன்னமெல்லாம் கண்ணீராக அம்மா! அடுத்த நொடி அவன் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். தொண்டை அடைத்தவன் அழுத அழுகையா அது? கீழ் மாடிக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

"இத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றேன். நாற்காலி பதில் சொன்னது இதுதான் முதல் தடவை," என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மாப்பிள்ளை, நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

"இல்லை அத்தை. நான் பண்ண வேண்டியதை நீங்க பண்ணிட்டீங்க."

அக்காவும் தங்கையும் ஓடி வந்தார்கள். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாதபடி ஒரே களேபரம்.

"டேய், ரெண்டு பேரும் உன்னைக் கேஸாப் பார்த்துட்டோம்டா," என்றாள் பெரியவள்.

"பரவாயில்லை, ஃபீஸ் வாங்கலையே," என்றான் அவன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது.

"சட்டையைப் போட்டுக்கோ," என்றாள் அம்மா.

"ரேடியோவுல யாரும்மா சட்டையைப் பார்க்கறாங்க?"

"நான் பார்க்கறேன், போட்டுக்கோ."

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. அம்மாவுக்கு இன்றைக்கு மாலை டூட்டியும் உண்டு. அவள் படகு நடுக் கடலில் இருக்கும்போதுதான் இவன் செய்தி வாசிக்க வேண்டும்.

"லீவு போட்டுடும்மா," என்றாள் பெரியவள் உடனே.

"போட்டுட்டாப் போச்சு. ஸ்டுடியோவுக்கு வெளியில உட்கார்ந்துக்கறேன்."

சின்னவள் தன் அறைக்குள் ஓடி, வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றாள். "மேல் படியைத் தப்பா எழுதிட்டேன்," என்று கத்தினாள். "பயம் மைக் இல்லை. அம்மா தண்ணியில இருக்கும்போது வாசிக்கறதுதான் பயம். இன்னிக்கு அம்மா பக்கத்துல உட்கார்ந்தா இவன் வாசிச்சுடுவான். நாளைக்கு? தினம் தினம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போவானா?"

"ஒரே நாள்ல உச்சிப் படிக்கு ஏத்தறியா? விழுந்தா?" என்றாள் பெரியவள்.

இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஆறுமணியைப் பார்த்தார். "நாங்க மூணு பேரும் வாயை மூடிக்கறோம். நீ சொல்லு."

ஆறுமணி அம்மாவின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டி அவள் தலையில் வைத்தான்.

"நீ போம்மா," என்றான். "படகுக்கு நேரமாச்சு."

மாலை. டீத் தடுப்பில் இருந்த பழைய வானொலியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மேஜையில் சின்னவளின் போன், ஸ்பீக்கரில். மறுமுனையில் படகின் எஞ்சின் சத்தமும் அம்மாவின் குரலும்.

"இங்க எல்லாரும் கேக்கற மாதிரி ரேடியோவை வெச்சிருக்கேன்டி. யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"பயணிங்க சும்மா இருப்பாங்களா?"

"விசில் என்கிட்ட இருக்கு."

மணி ஆறு. இசை ஒலித்து அடங்கியது. ஆறுமணியின் குரல் வந்தது. முதல் செய்தி. இரண்டாவது. சின்னவள் குதித்துக் குதித்து நின்றாள். மாமா கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். பெரியவள் மட்டும் அசையாமல் நின்றாள். அவள் எப்போது அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அடுத்து, வானிலை..." என்றான் ஆறுமணி.

நின்றுவிட்டது.

வானொலியில் மெல்லிய இரைச்சல் மட்டும். சின்னவள் குதிப்பதை நிறுத்தினாள். "இரு, இரு, ஓடாதே," என்று முணுமுணுத்தாள். போனில் ஒரு பயணி, "என்ன, ரேடியோ புட்டுக்கிச்சா?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது.

"சும்மா இருய்யா!" என்று அம்மா சீறினாள். "என் பிள்ளை மூச்சு விடறான்!"

அந்த நேரம் வானொலியும் பேசியது.

"மன்னிக்கணும், நேயர்களே. எனக்குத் தொண்டை அடைச்சிருக்கு. எங்க அம்மா இப்ப கடல்ல இருக்காங்க. ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க."

எந்தத் தாளிலும் இல்லாத வரிகள். இரண்டு மூச்சு கேட்டது, ஊர் முழுக்க. பிறகு அவன் வாசித்தான். குரல் தழுதழுத்தது. பாதி அழுகையாகவே வந்தது. அழுதுகொண்டே வாசித்தான், வாசித்துக்கொண்டே அழுதான், ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

"இன்று இரவு கடல் அமைதியாக இருக்கும். படகுகள் வழக்கம்போல் செல்லும். இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

போனில் படகே ஆரவாரம் செய்தது. விசில் சத்தம் காதைப் பிளந்தது. அது அம்மாவுடைய விசில்தான் என்று சத்தியம் செய்யலாம். சின்னவள் போனைத் தூக்கிக்கொண்டு, "நான் ஸ்டேஷனுக்குப் போறேன், அவனைத் தூக்கிக்கிட்டு வர்றேன்!" என்று கத்தியபடி படிகளில் பறந்தாள்.

கூடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பெரியவள் பிடித்திருந்த சட்டைக் கையை விட்டாள். விட்ட இடம் கசங்கியிருந்தது.

"செய்தி முடிஞ்சாச்சு. என்னமோ சொல்லணும்னீங்களே, சொல்லுங்க," என்றாள்.

"வெளியூர் ஆஸ்பத்திரி ஒண்ணுல கூப்பிட்டிருக்காங்க. நிரந்தர வேலை. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

அவர் வழக்கம்போல் அவளுடைய மௌனத்துக்குக் காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் எந்தச் சண்டையிலும், பெட்டியைக் கட்டிய அன்றைக்கும், அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்தது, 'எந்த உறவும் இல்லை' என்ற அந்த ஒரு கடைசி வாக்கியத்தைத் தவிர, மௌனம்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"போகாதீங்க," என்றாள் பெரியவள்.